நிலாவெளி நட்சத்திர இரவு: காசுக்குப் பெறுமதியா?

பெறுமதிதான். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் காரணத்துக்காக இல்லை.

நிலாவெளிப் பக்கம் ஒரு தங்குவிடுதிக்காரர் கடற்கரையில் நடத்தும் நட்சத்திர இரவைப் பற்றித்தான் எழுதுகிறேன். முகநூலில் அவர்கள் போடுகிற விளம்பரத்தில் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி எடுத்த வண்ணப் படம் ஒன்று ஊதாவும் பொன்னிறமுமாகத் தகதகவென்று இருக்கும். அதை நம்பி வந்து தொலைகாட்டியின் பார்வைத்துண்டில் கண்ணை வைத்தால் தெரிவது சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் தடம். இதை முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேருடைய முகம் அப்படிச் சுருங்கியிருக்காது. விடுதியின் பெயரைப் போடவில்லை, குறையும் எழுதப் போகிறேன், நல்ல மனிதர்கள், பெயர் கெட வேண்டாம். அந்தப் பக்கம் இதைச் செய்கிறவர்கள் அதிகம் இல்லை, விசாரித்தால் கிடைத்துவிடும்.

பெரியவர்களுக்கு ஆளுக்கு 4,000 ரூபா, பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாதி. எட்டு மணி என்பார்கள், எட்டரைக்குத்தான் தொடங்கும். பிளாஸ்டிக் கதிரை, பாய், இஞ்சித் தேத்தண்ணி, அவித்த கச்சான். கச்சானுக்குக் குறை சொல்ல மாட்டேன். தொலைகாட்டி எட்டு அங்குல ஆடி வைத்த டொப்சோனியன், அதாவது பெரிய குழாய் ஒன்றைப் பலகைப் பெட்டியில் உட்காரவைத்துக் கையாலேயே தள்ளித் திருப்புகிற வகை, மோட்டார் கிடையாது. அதை ஒரு தம்பி பார்த்துக்கொள்கிறார். விளக்கம் சொல்பவர் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர். எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பேச்சு தமிழில்தான். வெள்ளைக்காரர் யாராவது இருந்தால் இடையில் ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்வார், அப்போது கொஞ்சம் இழுபடும்.

இடம் மோசமில்லை. திருகோணமலை நகரம் தெற்கே கிடக்கிறதால் அந்தப் பக்கத்து அடிவானத்தில் ஒரு வெளிச்சம் எப்போதும் நிற்கும், கிழக்கே கடல்தானே இருட்டாக இருக்கும் என்று பார்த்தால் படகுகளின் லைட் வரிசையாக நிற்கிறது. ஆனால் தலைக்கு மேலே நல்ல இருட்டு. பெரிய தொல்லை பக்கத்து ஹோட்டல் ஒன்றுதான், கடலைப் பார்த்து ஒரு வெள்ளை எல்ஈடி லைட்டைக் கொளுத்தி வைத்திருக்கிறார்கள், யாருக்காக என்று அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. கரையேறுகிற ஆமைக்கும் அது ஆகாது, நட்சத்திரம் பார்க்க வருகிறவனுக்கும் ஆகாது. விடுதிக்காரர் போய்க் கெஞ்சி ஒன்பதேகாலுக்குத்தான் அணைந்தது. காசு வாங்கி நடத்துகிற நிகழ்ச்சி என்றால் இதைப் பின்னேரமே பேசி முடித்திருக்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் பின்னால் எதைத் தின்றது என்று சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்திருக்கிறார்கள். நான் போனது மே மாதம், தலைப்பு கன்னிக் கொத்து. கன்னி ராசிப் பக்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட கலக்ஸிகள், அதாவது எங்கள் பால்வெளி மாதிரியான பெரிய நட்சத்திரக் கூட்டங்கள், ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று கட்டுண்டு கிடக்கிற கூட்டம் அது, தூரம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு. அதன் நடுவில் எம் 87 என்ற பெரிய கலக்ஸி. 2019ல் கருந்துளையின் முதல் படம் என்று செம்மஞ்சள் வளையம் ஒன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அந்தக் கருந்துளை இருப்பது இதற்குள்தான். மே நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்கு அது எங்கள் ஊருக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். நாங்கள் இருப்பது வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில், எம் 87 நிற்பது வானத்து நடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டு பாகைக்குச் சற்று மேலே, ஆக உச்சியிலிருந்து நாலு பாகைதான் விலகல். காற்று மண்டலத்தை மிகக் குறைவாக ஊடுருவி வருகிற ஒளி, ஐரோப்பாவில் இருந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் இந்த வகைத் தொலைகாட்டிக்கு உச்சிதான் எமன். குழாய் நெட்டுக்குத்தாக நிமிர்ந்த பிறகு பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளினால் குழாய் நின்ற நிலையில் சுழலுமே தவிர வானத்தில் நகராது. தம்பி மணலில் முழங்காலிட்டு, பெட்டிக்குக் கீழே போட்டிருந்த பிளைவுட் பலகை ஒரு பக்கம் புதைய அதைத் தூக்கி நிமிர்த்தி, திரும்பவும் கண்ணை வைத்து, பெட்டியைக் கால்வாசி சுற்றி, "கிடைச்சிட்டுது, ஆரும் குழாயில கை வைக்காதேங்கோ" என்று சொல்வதற்குள் வரிசையில் நின்ற ஒரு ஐயா பிடிமானத்துக்காகக் குழாயையே பிடித்துவிட்டார். திரும்பவும் முதலிலிருந்து. தம்பிக்குப் பொறுமை ஜாஸ்தி. ஒரு சின்ன ஏணிப்படியோ கைப்பிடிக் கம்பியோ பக்கத்தில் வைத்தால் இந்தப் பிரச்சினை தீரும்.

சரி, என்ன தெரிந்தது? வட்டமான ஒரு மங்கல், நடுவில் கொஞ்சம் அழுத்தமாக, வெளியே போகப் போகக் கரைந்துபோகிறது. நேராகப் பார்த்தால் மங்கும், கண்ணைச் சற்றே ஒதுக்கினால் பெரிதாகும். அவ்வளவுதான். அன்புவழிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது, அவர்களுடைய மகள், எட்டோ ஒன்பதோ வயதிருக்கும், வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "சேர், இது எங்க முடியுது?" என்று கேட்டாள்.

4,000 ரூபாவும் அந்தக் கேள்விக்குத்தான். சேர் அதைக் கேட்டதும் கையில் வைத்திருந்த வேறு தாள்களைக் கீழே வைத்துவிட்டார். "அதுதானம்மா பெரிய பிரச்சினை, அது முடியிறதில்லை" என்றார்.

கலக்ஸிக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது, ஒளி குறைந்துகொண்டே போகும். அதனால் வானியல்காரர்கள் வேறு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: மொத்த ஒளியில் சரிபாதி எந்த வட்டத்துக்குள் அடங்குகிறதோ, அந்த வட்டத்தின் ஆரம்தான் கலக்ஸியின் அளவு. சேர் சிவப்புக் கடதாசி சுற்றிய டோச்சைப் பிடித்து, லமினேட் பண்ணிய ஒரு தாளைக் காட்டினார். அதில் இரண்டு வட்டம், ஒரே அளவுத்திட்டத்தில். ஒன்று சாப்பாட்டுக் கோப்பை அளவு. மற்றது ஒரு ஐந்து ரூபாக் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. கடல் ஈரத்தில் தாள் நனைந்து வழுக்குகிறது, துவாயால் துடைத்துத் துடைத்துக் காட்டுகிறார். பெரிய வட்டம், இன்றைக்கு நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய முட்டை வடிவக் கலக்ஸி. சின்னது, அதே அளவு திணிவுள்ள, புது நட்சத்திரம் உண்டாக்குவதை ஏற்கெனவே நிறுத்திவிட்ட ஒரு கலக்ஸி, ஆனால் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த கோலத்தில், அவ்வளவு தூரத்திலிருந்து ஒளி வந்துசேர அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. பெரியதன் ஆரம் 16,000 ஒளியாண்டு என்றால் சின்னதன் ஆரம் 3,000 சொச்சம். திணிவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆரம் ஐந்தில் ஒன்று என்றால் கனவளவு 125ல் ஒன்று, அப்படியென்றால் உள்ளே நட்சத்திரங்கள் 125 மடங்கு நெருக்கம். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

இது தெரியவந்து இருபது வருடம்தான் ஆகிறது. 2005ல் எமானுவேல் டாடி குழு, அதன் பிறகு இக்னாசியோ துருகியோ குழு, 2008ல் பீட்டர் வான் டொக்கும் குழு என்று ஒவ்வொருவராக ஹபிள் படங்களை அளந்து இதே முடிவுக்கு வந்தார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. அவ்வளவு தூரத்தில் வெளிப்புறத்து மங்கல் ஒளி படத்தில் விழாமல் போயிருக்கும், நீங்கள் நடுப்பகுதியை மட்டும் அளந்துவிட்டு முழுசும் இதுதான் என்கிறீர்கள் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான், ஏனென்றால் அந்தத் தூரத்தில் 3,000 ஒளியாண்டு என்பது ஹபிளின் கூர்மை எல்லைக்கே வந்துவிடும். பிறகு 2009ல் அப்படிப்பட்ட ஒரு கலக்ஸிக்குள் நட்சத்திரங்கள் ஓடும் வேகத்தை அளந்தார்கள், விநாடிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அவ்வளவு திணிவு அவ்வளவு சின்ன இடத்துக்குள் அடைபட்டிருந்தால் வரவேண்டிய வேகம் அதுதான். இப்போது ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி காலத்தில் இன்னும் பின்னால் போய்விட்டது. ஜிஎஸ்-9209 என்று ஒரு கலக்ஸி, பிரபஞ்சம் பிறந்து 125 கோடி ஆண்டுகளிலேயே நட்சத்திரம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டது, பாதி ஒளி ஆரம் 700 ஒளியாண்டுதான்.

இந்த இடத்தில் அவர்கள் கையில் கொடுக்கிற துண்டுப்பிரசுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "பிரபஞ்சம் விரிவடைவதால் கலக்ஸிகளும் பெரிதாகின்றன" என்று அதில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பிழை. சுத்தப் பிழை. விரிவது கொத்துக்கும் கொத்துக்கும் இடையில் இருக்கிற வெளி. ஒரு கலக்ஸியைத் தன் சொந்த ஈர்ப்பு கட்டிப் பிடித்திருக்கிறது, கொத்தையும் அப்படித்தான், அதற்குள் விரிவு எடுபடாது. நான் சேரிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதை எழுதினது நானில்லை" என்று மட்டும் சொன்னார், முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அச்சடிக்க முன் அவரிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தத் தாளைத்தானே.

அப்போ எப்படிப் பருத்தது? சேர் சொன்ன உதாரணம் எங்கள் ஊர் வீடு. நடுவில் தாத்தா கட்டின கல்வீடு, பிள்ளைகள் கலியாணம் முடிக்க முடிக்கச் சுற்றிவரப் பத்தி இறக்கிக்கொண்டே போவார்கள், பத்து வருடம் கழித்து வளவு முழுக்க வீடு, ஆனால் நடு அறை அதே நடு அறை. வான் டொக்கும் குழு 2010ல் அளந்து காட்டியதும் கிட்டத்தட்ட இதைத்தான்: இந்தக் கலக்ஸிகளின் நடுப்பகுதித் திணிவு 1,000 கோடி ஆண்டில் பெரிதாக மாறவில்லை, கூடினதெல்லாம் வெளிப்புறத்தில்.

பத்தி எங்கிருந்து வருகிறது என்றால் சின்னக் கலக்ஸிகளை விழுங்குவதால். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை சேர் மணலில் விரலால் எழுதிக் காட்டினார், எனக்கு அன்றைய இரவிலேயே மிகப் பிடித்த பகுதி. சம அளவுள்ள இரண்டு கலக்ஸிகள் மோதி ஒன்றானால் திணிவு இரண்டு மடங்கு, ஆரமும் இரண்டு மடங்கு. ஆனால் அதே திணிவு ஒரே கவளமாக வராமல் சின்னச் சின்னக் கலக்ஸிகளாக வந்து சேர்ந்தால், திணிவு இரண்டு மடங்காகும்போது ஆரம் நாலு மடங்கு வரை போகும். காரணம் சக்திக் கணக்கு. சின்னக் கலக்ஸியில் நட்சத்திரங்கள் தளர்வாகத்தான் கட்டுண்டு கிடக்கின்றன. பெரியது பக்கத்தில் வந்து இழுத்ததும் அவை நடுவுக்குப் போய்ச் சேர முன்னமே பிய்ந்து வெளிப்புறத்தில் சிதறிவிடும். வந்ததின் திணிவு சொற்பம், அது பரவிய இடமோ பெரிது. 1,000 கோடி ஆண்டில் திணிவு இரண்டு மடங்கு, ஆரம் நாலைந்து மடங்கு என்ற அளவீட்டுக்கு இது கிட்டத்தட்டப் பொருந்திவருகிறது. 2009ல் தோர்ஸ்டன் நாப் குழு கணினியில் ஓட்டிப் பார்த்துக் காட்டியதும் இந்த வழிதான்.

இதற்குச் சாட்சி எங்கே என்றால் நாங்கள் வரிசையில் நின்று பார்த்த அந்த மங்கல் தடத்திலேயே. எம் 87ஐச் சுற்றி உருண்டை நட்சத்திரக் கொத்துகள், அதாவது பந்துபோல் நெருங்கிக் கிடக்கிற நட்சத்திரக் கூட்டங்கள், 12,000 அளவில் இருக்கின்றன, எங்கள் பால்வெளிக்கு இருப்பது 150 சொச்சம். அதில் பெரும்பங்கு விழுங்கின கலக்ஸிகள் கொண்டுவந்த சீதனம். 2015ல் ஐரோப்பிய தென் வானாய்வகத்துத் தொலைகாட்டியால் எம் 87இன் வெளிப்புறத்தில் முந்நூறு கிரக நெபுலாக்களின், அதாவது சாகிற நட்சத்திரங்கள் ஊதித்தள்ளின ஒளிரும் வாயுக் கூடுகளின், வேகத்தை அளந்து பார்த்தபோது, கடந்த 100 கோடி ஆண்டுக்குள் நடுத்தர அளவுக் கலக்ஸி ஒன்றை இது விழுங்கியிருக்கிறது என்று பிடித்தார்கள். அதாவது இன்னும் நிறுத்தவில்லை.

இதற்குள் தம்பி குழாயைச் சற்றே நகர்த்தி அதே கொத்தில் இருக்கும் எம் 84, எம் 86 என்ற கலக்ஸிகள் இரண்டையும் ஒரே பார்வையில் கொண்டுவந்துவிட்டார், பொறுமையாகப் பார்த்தால் ஓரத்தில் இன்னும் ஒன்றிரண்டு புள்ளிகள் தட்டுப்படும். எம் 86 கொத்துக்குள்ளே பாய்ந்துகொண்டிருக்கிறது, நம் பக்கமாக விநாடிக்கு 240 கிலோமீற்றருக்கு மேல் வேகம். மற்றக் கலக்ஸிகளெல்லாம் விலகிப் போகும்போது இது ஏன் கிட்ட வருகிறது என்று ஒரு தம்பதி கேட்டார்கள். கொத்தின் ஈர்ப்பில் ஓடுகிற ஓட்டம்தான் என்று சொல்லி, சேர் அதிலிருந்து நேரே கொத்து விஷயத்துக்கு வந்துவிட்டார். நல்ல வாத்தியாருக்கு அடையாளம் அது.

கொத்துக்குள்ளே கலக்ஸிகள் நெருக்கமாக இருக்கின்றன, அப்போ ஒன்றையொன்று விழுங்கி மற்ற இடத்தைவிட அதிகம் பருக்க வேண்டுமே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வளர்ந்து முடிந்த கொத்துக்குள் வேகம் விநாடிக்கு 1,000 கிலோமீற்றர் அளவில், அந்த வேகத்தில் இரண்டு கலக்ஸிகள் உரசினாலும் ஒட்டாமல் போய்விடும். ஒட்டுவதற்கு மெதுவாக வரவேண்டும். மெதுவாக இருந்தது கொத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், சின்னச் சின்னக் குழுக்களாகத் திரிந்தபோது. அதனால் பிரபஞ்சத்தின் இளமைக்காலத்துக் கொத்துகளைப் பார்த்த சில ஆய்வுகள், அங்கே இருக்கும் ஓய்ந்த கலக்ஸிகள், அதாவது புது நட்சத்திரம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டவை, தனியாகக் கிடக்கும் அதே திணிவுள்ள கலக்ஸிகளைவிடக் கொஞ்சம் பெரிது என்கின்றன, முந்திக்கொண்டு பருத்துவிட்டன. வேறு சில ஆய்வுகள் அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை என்கின்றன. இன்றைக்குக் கிட்ட இருக்கும் கொத்துகளில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, வெளியே இருந்தவை மெல்ல எட்டிப் பிடித்துவிட்டன போலிருக்கிறது. சேர் இதில் ஒரு பக்கமும் சாயவில்லை, இரண்டையும் சொல்லிவிட்டு விட்டார், எனக்கு அது பிடித்தது. காசு வாங்கி நடத்துகிற இடத்தில் அடித்துச் சொல்வதற்குத்தான் ஆசை வரும்.

இந்த இளமைக்காலத்துக்கு அவரிடம் ஒரு படம் இருந்தது, சிலந்திவலைக் கலக்ஸி. 1,000 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழைய ஒளி. நடுவில் ஒரு பெரியது, சுற்றிவரச் சின்னக் கலக்ஸிகள் ஒவ்வொன்றாக அதற்குள் விழுந்துகொண்டிருக்கின்றன. எம் 87 போன்ற ஒன்று கட்டுப்படுகிற நேரத்தில் எடுத்த படம் என்றே சொல்லலாம். படம் ஏ4 தாளில், பிரிண்டர் மை பற்றாமல் பாதி வெளிறிப்போய். ஒரு டப்லெட் வாங்கி வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டலாமே ஐயா.

நடுவில் இருக்கும் கலக்ஸி மட்டும் விதிவிலக்கு. கனமான கலக்ஸி ஒன்று கொத்துக்குள் ஓடும்போது தன் பின்னால் மற்றவற்றை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், அந்தச் சேர்ந்த திணிவு அதையே பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கும், கடைசியில் நடுவுக்கு வந்து அங்கே இருப்பதோடு கலந்துவிடும். அதனால் நடுவில் இருப்பதற்கு எப்போதும் படையல் வந்துகொண்டிருக்கும். ஆனால் எவ்வளவு பருத்தது? கடந்த 600 கோடி ஆண்டில் இந்த மையக் கலக்ஸிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டன என்று ஒரு குழு அளந்து சொல்கிறது, இன்னொரு குழு இன்னும் பழைய காலத்திலிருந்து பார்த்தும் 30 சதவீதத்துக்கு மேல் இல்லை என்கிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன் என்றால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான், எங்கே முடிகிறது? கொத்துக்குள் கலக்ஸிகளிலிருந்து பிய்க்கப்பட்ட நட்சத்திரங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் இடைவெளியில் மிதக்கின்றன, அந்த மங்கல் ஒளியை 1951லேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமாக் கொத்தில் கவனித்தார், கன்னிக் கொத்தில் 2005ல் கிறிஸ் மிஹோஸ் குழு படமெடுத்துப் பார்த்தபோது கலக்ஸிகளுக்கு நடுவே நீள நீளக் கீற்றுகளாகக் கிடந்தது. அதை நடுக் கலக்ஸியின் கணக்கில் சேர்த்தால் அது பூதம், சேர்க்காவிட்டால் சாதாரணம். ஒன்பது வயதுப் பிள்ளையின் கேள்வியில் ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் என்ஜிசி 1277 என்ற கலக்ஸி. பேர்சியஸ் கொத்தில், சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரத்தில். நட்சத்திரத் திணிவு எங்கள் பால்வெளியைப்போல இரண்டு மடங்கு அளவில், ஆனால் பாதி ஒளி ஆரம் 4,000 ஒளியாண்டுதான், நட்சத்திரங்கள் எல்லாம் 1,000 கோடி வயதுக்கு மேலே. ஆதிகாலத்துச் சின்ன வட்டம் அப்படியே பருக்காமல் இன்றுவரை வந்து நிற்கிறது. கொத்துக்குள் வேகமாக ஓடித் திரிகிறதால் எதையும் பிடித்து விழுங்க வழியில்லாமல் போனது என்கிறார்கள். 2018ல் வந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, விழுங்கின சின்னக் கலக்ஸிகளோடு வந்து சேர்கிற நீலநிற உருண்டைக் கொத்துகள் இதற்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எம் 87இன் 12,000ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சேர் இதைச் சொல்லிவிட்டு, "இதைக் காட்டச் சொல்லிக் கேட்காதேங்கோ" என்றார். பேர்சியஸ் முன்னிரவில் உச்சத்துக்கு வருவது டிசம்பர், ஜனவரியில், எங்களுக்கு மாரி மழை. ஓகஸ்ட் விடியப்புறம் எழும்பினால் வானம் கிடைக்கும், ஆனாலும் எட்டு அங்குல ஆடிக்கு அது பிடிபடுவது கஷ்டம்.

இப்போது அந்தத் தொலைந்த முக்கால் மணி நேரம். நேரம் போய்விட்டதால் சேர் கடைசிப் பகுதியை ஓட்டமாக ஓட்டிவிட்டார், அது முக்கியமான பகுதி. பழைய காலத்து ஓய்ந்த கலக்ஸிகளின் சராசரி அளவு சின்னது, இன்றைய சராசரி பெரிது, சரி. ஆனால் இடைப்பட்ட காலத்தில் புதிதாக ஓய்ந்து இந்தப் பட்டியலில் சேர்ந்தவை எத்தனை? பிந்தி ஓய்ந்தவை பிறக்கும்போதே கொஞ்சம் பெரியவை. அவை வந்து சேர்ந்தாலே சராசரி ஏறிவிடும், பழையது ஒன்றும் ஒரு அடி பருக்காவிட்டாலும். 2013ல் மார்செல்லா கரோலோ குழு இதைத்தான் அழுத்திச் சொன்னது. ஆக, ஐந்து மடங்கு என்று சொல்வதில் எவ்வளவு உண்மையான பருமன், எவ்வளவு புதியவர்கள் சேர்ந்ததால் வந்த மாற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கருந்துளையின் சீற்றம் வாயுவை வெளியே தள்ளி, ஈர்ப்புத் தளர்ந்து கலக்ஸி விரிந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது, அதற்கு சேர் ஒரே ஒரு வசனம்தான் கொடுத்தார். இந்தப் பகுதியைக் கேட்காமல் வீட்டுக்குப் போகிறவர்கள், எல்லாக் கலக்ஸியும் ஐந்து மடங்கு ஊதிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு போவார்கள்.

முடிவில் குழாயைத் தெற்கே சாய்த்து ஒமேகா சென்டோரி என்ற உருண்டை நட்சத்திரக் கொத்தைக் காட்டினார்கள், நகர வெளிச்சத்துக்குச் சற்று மேலே. அங்கேதான் கூட்டம் வாயைப் பிளந்தது. மங்கலெல்லாம் இல்லை, சீனி கொட்டினதுபோல் பொடிப்பொடியாக நட்சத்திரம், கண்ணை வைத்த ஒவ்வொருவரும் "அம்மாடி" என்கிறார்கள். 17,000 ஒளியாண்டு தூரம், ஒரு கோடி நட்சத்திரம். அது எங்கள் பால்வெளி எப்போதோ விழுங்கின ஒரு சின்னக் கலக்ஸியின் மிச்சக் கரு என்றுதான் பலர் கருதுகிறார்கள், அதற்குள்ளே குறைந்தது 8,200 சூரியன்களின் திணிவில் ஒரு கருந்துளை இருக்கிறது என்று 2024ல் ஹபிள் அளவீடுகளை வைத்துச் சொன்னார்கள். பேச்சு முழுக்க விழுங்கல் கதை, கடைசியில் விழுங்கினதின் கொட்டையைக் கண்ணாலேயே காட்டினார்கள். நான் நடத்தினால் இதை முதலில் காட்டுவேன், மங்கலைப் பார்த்து யாரும் மனம் சோராமல் இருக்க.

மற்றக் குறைகள் சுருக்கமாக. நுளம்பு பயங்கரம், ஒரு நுளம்புச்சுருள் மட்டும் கொளுத்தி வைத்திருந்தார்கள், கடற்காற்றுக்கு அது எந்த மூலைக்கு. பத்து மணிக்குப் பிறகு பார்வைத்துண்டில் பனி படிந்துவிடும், தம்பி உடுப்பின் நுனியால் துடைக்கிறார், வில்லையின் ஆயுசு குறையும். கழிப்பறை விடுதிக்குள்ளே, இருட்டில் மணலில் கொஞ்சம் நடக்க வேண்டும், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை யோசியுங்கள். நிகழ்ச்சி முடிகிற நேரம் நகரத்துக்கு பஸ் இல்லை. ஓட்டோவை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சொன்ன விலைதான். முகில் மூடினால் காசு திருப்பித் தரமாட்டார்கள், வேறு நாள் தருவார்கள்.

யாருக்கு ஏற்றது? உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டாயம். கேள்வி கேட்கிற சின்னப் பிள்ளைகளுக்கும். படம் எடுத்து முகநூலில் போட வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், போன் கமராவுக்கு எம் 87 அகப்படாது. சேர் வருகிற நாளா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், அவர் இல்லாத நாளில் தம்பி மட்டும் நடத்துகிறாராம், அவர் நன்றாகக் காட்டுவார், கதை குறைவு. வெசாக் வாரத்தில் போகவேண்டாம், முழுநிலாவில் ஒமேகா சென்டோரியும் வெளிறிவிடும். அமாவாசைக்கு முன்பின் நாட்களைக் கேளுங்கள், பக்கத்து ஹோட்டல் லைட்டைப் பற்றியும் அப்போதே கேட்டு வையுங்கள். ஐந்துக்கு மூன்றரை. துண்டுப்பிரசுரத்தைத் திருத்தினால் நாலு போடுவேன்.